வயல் அழிந்தால் நட்டஈடு பெறுவது எப்படி? வன்னிக் கமக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளம் வற்றியதும் எங்கள் கமக்காரர் அமைப்பைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "தம்பி, போம் எங்கை எடுக்கிறது?" படிவம் நிரப்புவது இந்த வேலையில் ஐந்தாவது படி. முன் உள்ள நான்கும் சரியாக நடந்திருக்காவிட்டால் படிவத்தை எவ்வளவு வடிவாக நிரப்பினாலும் பணம் வந்து சேராது.

பல போகங்களாக அயலவர்களுக்கு இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பட்டியலில் பெயர் விடுபட்டவர்களோடு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியும் இருக்கிறேன். அதில் பிடிபட்டதை வரிசைப்படி எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்த மாவட்டமானாலும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்.

1. எந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது

வெள்ளம் ஒன்றுதான். ஆனால் வீட்டுக்குள் வந்த தண்ணீரை ஒரு அலுவலகம் பார்க்கும், வயலுக்குள் வந்ததை இன்னொன்று பார்க்கும், மாட்டுப்பட்டியை அடித்துக்கொண்டு போனதை வேறொன்று பார்க்கும். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

வீடு, உலர் உணவு, இடம்பெயர்வு எல்லாம் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். நெல்லும் மற்ற வயற்பயிர்களும் கமநல சேவை நிலையத்துக்குரியவை. பயிர்க் காப்புறுதிப் பணத்தைக் கொடுப்பது கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை என்றாலும், உங்கள் விபரம் அங்கே போவது கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டிலிருந்துதான். மரக்கறி, வாழை, பப்பாசி, பழமரங்கள் என்றால் விவசாயப் போதனாசிரியருக்கும் அறிவிக்க வேண்டும். மாடு, ஆடு, கோழி என்றால் கால்நடை வைத்தியர் அலுவலகம்.

அதிகம் பேர் விடுகிற பிழை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "விதானையாரிட்டச் சொல்லிப்போட்டன், அவர் எழுதிக்கொண்டு போனவர்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். விதானையார், அதாவது கிராம அலுவலர், எழுதியது குடும்ப விபரம். உங்கள் மூன்று ஏக்கர் வயல் அந்தக் கொப்பியில் ஏறவே இல்லை.

இரண்டாவது பிழை, குடியிருக்கும் இடத்தின் கமநல சேவை நிலையத்துக்குப் போவது. வன்னியில் வீடு ஒரு பக்கம், வயல் இன்னொரு பக்கம் என்பது சாதாரணம். உங்கள் வயல் எந்த நிலையத்தின் எல்லைக்குள் கிடக்கிறதோ அங்கேதான் போகவேண்டும். வயல் இரண்டு நிலையங்களின் எல்லைக்குள் பிரிந்து கிடந்தால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கொடுங்கள்.

2. விதைக்க முன்னமே செய்யவேண்டிய பதிவு

நட்டஈடு கிடைக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் மழை வர முன்னமே முடிவாகிவிடுகிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி ஒவ்வொரு கமநல சேவை நிலையமும் விவசாயக் காணிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். எந்தக் காணி, எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், செய்கை பண்ணுகிறவர் யார் என்பது அதில் இருக்கும். அழிவுக்குப் பிறகு உத்தியோகத்தர் முதலில் திறப்பது இந்தப் பதிவேட்டையும் அந்தப் போகத்து உரமானியப் பட்டியலையும்தான்.

ஆகவே ஒவ்வொரு காலபோகத்துக்கும் (மாரி மழைச் செய்கை) சிறுபோகத்துக்கும் (வெயில்காலச் செய்கை) முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, செய்கை பண்ணுகிறவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது. குத்தகைக்குச் செய்கிறவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். காணிக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். பதிவு அவர் பெயரில் இருக்கும். உழுது விதைத்து உரம் போட்டுக் கடன்பட்டது நீங்கள். விதைக்க முன் காணிக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி, கமக்காரர் அமைப்பின் உறுதிப்படுத்தலோடு உங்கள் பெயரை அந்தப் போகத்துக்குப் பதிந்துவிடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கடிதம் கேட்டால் கசப்பில் முடியும். காணிக்காரரும் நீங்களும் ஒரே வயலுக்கு இரண்டு விண்ணப்பம் போட்டு, இரண்டும் நிறுத்தப்பட்டுக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கணவர் பெயரில் இருக்கும் காணியை இப்போது தனியாகச் செய்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். கணவர் இறந்திருப்பார், அல்லது எங்கே என்றே தெரியாமல் இருப்பார். பேர்மிட் (காணி அனுமதிப்பத்திரம்) மாற்றுவது ஆண்டுக்கணக்கில் இழுபடும் வேலை, அது முடியும் வரை காத்திருக்க வேண்டாம். காணியின் உரிமை வேறு, செய்கை பண்ணுகிறவர் என்ற பதிவு வேறு. அமைப்பின் கடிதத்தோடு போய்ச் செய்கையாளராக உங்கள் பெயரைப் பதியக் கேளுங்கள். அக்காமார் சிலர் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட எதுவும் இல்லை, அந்த வயலைச் செய்கிறது நீங்கள்தான்.

இரண்டாவது, ஏக்கர் அளவு. உரமானியம் இரண்டு ஹெக்டேயர் வரைதான், அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கர். அதனால் எட்டு ஏக்கர் செய்கிறவர்கள் ஐந்தை மட்டும் பதிந்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். மானியம் கிடைக்காத காணியை ஏன் பதிவான் என்ற எண்ணம். வெள்ளம் வந்தால் அந்த மூன்று ஏக்கர் கடதாசியில் இல்லாத காணி. செய்கிற முழு அளவையும் பதியுங்கள்.

மூன்றாவது, போகக் கூட்டத்தின் தீர்மானம். குளத்து நீரில் சிறுபோகம் செய்யும் இடங்களில், அது இரணைமடுவாக இருந்தாலும் முத்தையன்கட்டு, வவுனிக்குளமாக இருந்தாலும், இந்த முறை எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அந்த அளவுக்கு மேல் விதைத்தது வரட்சியில் கருகினால் அதற்கு நட்டஈடு கேட்க இடமே இல்லை. குளத்தின் அலைகரைக்குள், அதாவது குளத்து நீர் ஏறி இறங்கும் ஓரத்தில், விதைத்ததற்கும் அதே கதைதான். கூட்டத்துக்குப் போங்கள், வரவுப் பதிவில் கையெழுத்து வையுங்கள், முடிவான திகதியையும் அளவையும் உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள்.

3. ஒரு பைல், ஒரு பொலித்தீன் பை

வெள்ளத்தில் வீடும் போனால் ஆவணமும் போய்விடும். கீழே சொல்கிறவற்றின் போட்டோக்கொப்பி இரண்டு செற் எடுத்து, ஒன்றை வீட்டில் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். மற்றதை மேட்டு நிலத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியிலும் படம் எடுத்து ஒரு பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள்.

அடையாள அட்டையின் இரண்டு பக்கம். காணி அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம் அல்லது உறுதி. குத்தகை என்றால் அந்தக் கடிதம். ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு. கமக்காரர் அமைப்பு அங்கத்துவப் பணம் கட்டிய சீட்டு. விதைநெல், உரம், மருந்து வாங்கிய பில்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். பயிர்க் கடன் எடுத்திருந்தால் அதன் கடதாசி.

கடைசிச் சாமானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கடன் எடுக்கும்போது பயிர்க் காப்புறுதிக்கென்று ஒரு தொகையை வெட்டியிருக்கலாம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அப்படி வெட்டியிருந்தால் அது நீங்கள் பணம் கட்டி எடுத்த தனிக் காப்புறுதி. அரசாங்கம் எல்லாருக்கும் கொடுக்கும் நட்டஈட்டோடு அதைக் குழப்பாமல் வங்கியிடம் தனியாகக் கேளுங்கள்.

அடையாள அட்டையில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் கொண்ட பழைய அட்டையில் வங்கிக் கணக்கு, பன்னிரண்டு இலக்கப் புது அட்டையில் கமநலப் பதிவு என்று இருந்தால் இரண்டும் பொருந்தாமல் பணம் திரும்பிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே இலக்கம் இருக்கச் செய்யுங்கள். காலபோகம் தொடங்க முன் அரை நாள் ஒதுக்கினால் முடிகிற வேலை.

4. தண்ணீர் நிற்கும்போதும் வற்றும்போதும்: வயலில் கை வைக்க முன்

உயிர் முதலில். குளம் வான் பாய்கிறது (நிரம்பி வழிகிறது), கதவு திறக்கப் போகிறார்கள் என்றால் படமெடுக்க வயலுக்குப் போகாதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழே இருந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் எவ்வளவு கெதியில் ஏறும் என்று. மீட்பு உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நிலைமை பாதுகாப்பானதும் தண்ணீர் நிற்கும்போதே ஒரு தொகுதிப் படம் எடுங்கள். வற்றிய பிறகு இரண்டாவது தொகுதி. ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் நின்று மூன்றாவது தொகுதி. வெறும் தண்ணீரைக் காட்டும் படம் யாருடைய வயலுக்கும் பொருந்தும், அதனால் அது பயனில்லை. உங்கள் வயல்தான் என்று காட்ட வரம்பில் நிற்கும் பனை, துருசு (மதகு), பக்கத்து மோட்டர் அறை, கோயில் கோபுரம் ஏதாவது ஒன்று படத்துக்குள் விழவேண்டும். பிறகு நீங்களே வரம்பில் நிற்க இன்னொருவர் ஒரு படம் எடுக்கட்டும். கைத்தொலைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு எடுத்தால் திகதியும் இடமும் படத்தோடேயே இருக்கும்.

வற்றிய பிறகு பனையின் அடியிலோ வேலிக் கட்டையிலோ சேற்றுக் கோடு ஒன்று தெரியும். அதற்கு அருகில் ஒரு தடியை நிறுத்தி, எத்தனை அடி என்று தெரிகிற மாதிரிப் படமெடுங்கள். அடுத்த மழை அந்தக் கோட்டைக் கழுவிவிடும்.

இனி, பச்சையாகத் தெரியும் பயிரைப் பற்றி. ஒரு முறை எங்கள் வாய்க்காலுக்குக் கீழே உள்ள கண்டத்தில் (வயல் பகுதியில்) பயிர் குடலைப் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் தாளுக்குள் இருக்கும் பருவத்தில், இருக்கும்போது மூன்று நாள் முழுவதுமாய் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் இறங்கிய பின் தாள் நிமிர்ந்து நின்றது. வீதியில் இருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வயல்கார ஐயா சேற்றுக்குள் இறங்கி ஒரு தாளைப் பிடுங்கி, மேலே பருத்திருந்த குடலையை நகத்தால் கீறிப் பிரித்துக் காட்டினார். வெள்ளையாய் இருக்கவேண்டிய இளங்கதிர் தேயிலைச் சாயம் போலப் பழுத்து விரலோடு ஒட்டியது. மணத்துப் பார்த்தோம், அழுகிய மணம். வெளியே பச்சை, உள்ளே கதிர் இல்லை. அதைப் படமெடுத்திராவிட்டால், பத்து நாள் கழித்து வந்த உத்தியோகத்தர் "பயிர் தப்பிவிட்டது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

ஆகவே வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் என ஐந்து இடத்தில் தாளைப் பிடுங்கி, வேரையும் குடலையையும் பிரித்துக் காட்டும் படம் எடுங்கள். பூக்கும் பருவத்தில் மூழ்கியிருந்தால் கதிர் வெளியே வரும், ஆனால் மணி பிடிக்காமல் பதராகும். அதை நசுக்கிக் காட்டும் படம் தேவை.

வரட்சிக்கு வேறு கணக்கு. வெள்ளம் ஒரே நாளில் நடக்கும், வரட்சி கிழமைக் கணக்கில் நடக்கும். கடைசித் தண்ணீர் வந்த திகதியைக் குறித்து வைத்து, கிழமைக்கு ஒரு முறை அதே இடத்தில் படம் எடுங்கள். யானை இறங்கினால் அன்று காலையே கால் தடமும் மிதிபட்ட பரப்பும் தெரிகிற மாதிரி எடுங்கள். வெயில் ஏறினால் தடம் உடைந்துவிடும்.

இந்தப் படியில் நடக்கிற பெரிய பிழை, பார்வைக்கு ஆள் வர முன் உழுதுவிடுவது. அவசரம் எனக்கு விளங்குகிறது. நவம்பர் கடைசியில் ஒரு மாதப் பயிர் அழிந்தால், ஈரம் இருக்கும்போதே குறுகிய வயது நெல்லை மறுபடி விதைக்கத்தான் மனம் சொல்லும், அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் உழுதுவிட்டால் அழிந்த பயிர் என்று காட்ட ஒன்றும் இல்லை. மறுவிதைப்புச் செய்யத்தான் வேண்டும் என்றால் மூன்றைச் செய்யுங்கள்: கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், கமக்காரர் அமைப்புத் தலைவரையும் பக்கத்து வயல்காரர் இருவரையும் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், ஒவ்வொரு கண்டத்திலும் பயிர் அழிந்த ஒரு துண்டையாவது உழாமல் விட்டு வையுங்கள்.

5. எழுத்தில் அறிவித்தல்

இப்போதுதான் படிவம். வாயால் சொன்னது, தொலைபேசியில் சொன்னது, வைபரில் அனுப்பியது எல்லாம் உதவிக்கு நல்லது, ஆனால் கணக்கில் வராது. நிலையத்தில் படிவம் இன்னும் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அதில் இருக்கவேண்டியவை: பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே, அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், குளத்தின் பெயர் அல்லது மானாவாரி என்பது, வாய்க்கால் இலக்கம், வயல் கண்டத்தின் பெயர், செய்த ஏக்கர், அழிந்த ஏக்கர், நெல்லினம், விதைத்த திகதி, மூழ்கிய திகதி, எத்தனை நாள் நின்றது, பயிரின் பருவம்.

விதைத்த திகதியும் பருவமும் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். உத்தியோகத்தர் உங்கள் சொல்லைச் சரிபார்ப்பது அதை வைத்துத்தான். ஒக்டோபர் நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல் டிசம்பர் கடைசியில் எந்தப் பருவத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் எழுதிய பருவம் அதோடு பொருந்தினால் மற்றவற்றையும் நம்புவார்.

அழிந்த ஏக்கரைக் கூட்டி எழுதாதீர்கள். மூன்றில் ஒன்றரைதான் அழிந்தது என்றால் ஒன்றரை என்றே எழுதுங்கள். ஒருவர் கூட்டி எழுதிப் பிடிபட்டால் அந்தக் கண்டம் முழுவதையும் சந்தேகத்தோடு அளப்பார்கள், நட்டப்படுவது பக்கத்து வயல்காரர். அளவு தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். பரப்பில் சொல்லிப் பழகியவர்கள் பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்று மாற்றி எழுதுங்கள். "இரண்டு புசல் விதைக்கிற காணி" என்று எழுதினால் அலுவலகத்தில் அது ஏறாது.

கடிதத்தைக் கொடுக்கும்போது இரண்டாவது பிரதியில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். "தேவையில்லை, வைச்சிட்டுப் போங்கோ" என்பார்கள். பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஒரு வெள்ளத்தின்போது நான் பதினொரு பேருடைய கடிதங்களைக் கட்டாகக் கொடுத்துவிட்டு முத்திரை வாங்காமல் வந்துவிட்டேன். அந்தக் கட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பதினொரு குடும்பத்துக்கும் நான் பதில் சொல்லவேண்டி வந்தது. அன்றிலிருந்து முத்திரை இல்லாமல் எந்த அலுவலகத்தில் இருந்தும் வெளியே வருவதில்லை.

6. வயல் பார்வை நாள்

எந்த நாள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த நாள் நீங்கள் வயலில் நில்லுங்கள். வேறு வேலை இருந்தால் விபரம் தெரிந்த பெரிய பிள்ளையையாவது நிறுத்துங்கள். ஆள் இல்லாத வயலை வீதியில் நின்று பார்த்துவிட்டுப் போவது நடக்கும். ஒரு உத்தியோகத்தருக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் பொறுப்பு, அவர் மீது கோபப்படுவதில் பயன் இல்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போவது உங்கள் வேலை.

வீதியோரம் உயர்ந்த கண்டம், உள்ளே தாழ்ந்த கண்டம் என்பது எங்கள் வயல்களின் அமைப்பு. அழிவு எப்போதும் உள்ளேதான். முதலில் தாழ்ந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஒரு தாளைப் பிரித்துக் காட்டுங்கள், பிறகு படங்களைக் காட்டுங்கள், அப்புறம் பைலைக் கொடுங்கள். பைலை முதலில் கொடுத்தால் அதைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

அவர் எழுதிய அழிவு வீதம் எவ்வளவு என்று அந்த இடத்திலேயே கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உடன்பாடு இல்லையென்றால் காரணத்தோடு அப்போதே சொல்லி, மறுநாள் எழுத்திலும் கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் ஏக்கரும் வீதமும் நிரப்பிய பிறகே வையுங்கள்.

7. மாடு, ஆடு, கோழி

இதற்குத் தனியாக எழுதக் காரணம் உண்டு. வயல் அழிந்தால் அது அங்கேயே கிடக்கும். செத்த மாடு கிடக்காது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வந்த குளிர்க்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. மழையில் நனைந்து, இரவு முழுக்க வெளியில் நின்று, விடியும்போது கால் நீட்டிக் கிடந்தன. நாற்றம் எடுக்க முன் புதைக்கவேண்டும் என்று பலர் அன்றே குழி வெட்டிவிட்டார்கள். செய்தது சுகாதாரத்துக்குச் சரி. ஆனால் புதைத்த மாட்டை எண்ண முடியாது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். வைத்தியரோ கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரோ வரும்வரை காத்திருங்கள். அன்று வரமுடியாது என்று சொன்னால் கிராம அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டி ஒரு கடிதம் வாங்குங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் காதுப்பட்டி இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம், சூட்டுக்குறி தெரிகிற மாதிரி ஒன்று, முழு உடல் ஒன்று. காதுப்பட்டியைக் கழற்றி ஒரு பையில் போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் கிட்ட வேண்டாம். இறைச்சிக்கு யாராவது விலை பேசினால் கொடுக்காதீர்கள்.

காதுப்பட்டி இல்லாத பட்டிமாடுதான் எங்கள் பக்கத்தின் பெரும் சிக்கல். மேய்ச்சல் தரை இல்லாமல் காட்டோரமாக விட்டு வளர்ப்பதால், இருபது மாட்டில் ஐந்துக்குத்தான் காதுப்பட்டி போட்டிருக்கும். பண்ணைப் பதிவும் காதுப்பட்டியும் இல்லாத மாடு செத்தால் அது உங்கள் மாடு என்று சொல்ல அயலவரின் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். காலபோக உழவுக்கு மாடுகளைப் பட்டிக்குக் கொண்டுவரும் நேரத்தில் அலுவலகத்துக்குச் சொல்லி எல்லாவற்றுக்கும் காதுப்பட்டி போட்டுப் பதிந்துவிடுங்கள். தடுப்பூசி போட்ட அட்டைகளையும் எறியாதீர்கள், மாடு உங்களிடம் இருந்தது என்பதற்கு அவையும் சான்று.

கோழிக்கு எண்ணிக்கைதான் பிரச்சினை. குஞ்சு வாங்கிய பில்லும் தீன் வாங்கிய பில்லும் இருந்தால் எத்தனை கோழி என்று நிறுவலாம்.

8. பட்டியலைப் பார்ப்பது

பார்வை முடிந்ததும் பெயர்ப்பட்டியல் தயாராகும். அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், அல்லது கமக்காரர் அமைப்புக்கு வரும். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அடையாள அட்டை இலக்கம், ஏக்கர், அழிவு வீதம், வங்கிக் கணக்கு இலக்கம் நான்கையும் பைலை வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் இடம் மாறியிருந்தாலே போதும், பணம் நின்றுவிடும். பட்டியல் மேலே போன பிறகு திருத்துவதற்கு மாதக்கணக்கு எடுக்கும். அலுவலகத்தில் இருக்கும்போது பத்து நிமிடம்.

9. எவ்வளவு வரும், எப்படி வரும்

தொகை ஒவ்வொரு அனர்த்தத்துக்கும் மாறும். 2024 நவம்பர் மழைவெள்ளத்துக்குப் பிறகு நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா என்று அறிவித்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 150,000 ரூபா என்று அறிவிப்பு வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறைய. ஒன்று ஏக்கர் கணக்கு, மற்றது ஹெக்டேயர் கணக்கு. ஒரு ஹெக்டேயர் என்பது 2.47 ஏக்கர். ஆகவே 150,000 என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 60,700 ரூபா. மூன்று ஏக்கர் முழுமையாக அழிந்தவருக்கு ஏறத்தாழ 182,000. "ஏக்கருக்கு ஒன்றரை லட்சம்" என்று நம்பிக் கடன்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு முழிக்கவேண்டாம்.

"ஆகக்கூடியது" என்ற சொல்லையும் கவனியுங்கள். பகுதி அழிவுக்குத் தொகை மதிப்பீட்டின்படி குறையும். ஆறாவது படியில் எழுதப்பட்ட வீதத்தைக் கேட்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

பணம் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு உங்கள் தனிப் பெயரில் இருக்கவேண்டும். மனைவியோடு சேர்ந்த கணக்கு, பிள்ளையின் கணக்கு எல்லாம் சிக்கலில் முடியும். ஆண்டுக்கணக்கில் பாவிக்காத கணக்கு செயலற்றுப் போயிருக்கும். போகத் தொடக்கத்தில் ஒரு சிறு தொகையைப் போட்டு எடுத்து உயிரோடு வைத்திருங்கள். பணம் வந்த நாளில் புத்தகத்தைப் பதிந்து, எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். உரமானியப் பணத்தையே நட்டஈடு என்று நினைத்து முறையிடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

நட்டஈட்டை எடுத்துத்தர கமிஷன் கேட்கிறவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். படிவம் இலவசம், பார்வை இலவசம்.

10. பெயர் விடுபட்டால்

முதலில் முத்திரை போட்ட பிரதியோடு கமநல அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய், ஏன் விடுபட்டது என்று கேளுங்கள். பதிவில் இல்லையா, பார்வையில் அழிவு இல்லை என்று எழுதப்பட்டதா, கணக்கு இலக்கம் பிழையா என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை. காரணம் தெரியாமல் எழுதும் மேன்முறையீடு வீணாகும்.

காரணம் தெரிந்ததும் மாவட்டத்திலுள்ள கமநல அபிவிருத்தி உதவி ஆணையாளருக்கு எழுதுங்கள். பிரதி ஒன்று மாவட்டச் செயலாளருக்கு, ஒன்று காப்புறுதிச் சபையின் மாவட்ட அலுவலகத்துக்கு. ஒரே கண்டத்தில் பலர் விடுபட்டிருந்தால் தனித்தனிக் கடிதங்களோடு அமைப்பின் பெயரில் ஒரு கூட்டுக் கடிதமும் வையுங்கள். மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் எடுக்கப்படுவது பெரும்பாலும் அந்தக் கூட்டுக் கடிதம்தான்.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். "எனக்கு ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "இந்தத் திகதியில் நான் கொடுத்த விண்ணப்பத்துக்கான வயல் பார்வை அறிக்கையின் பிரதியைத் தாருங்கள்" என்று கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

அந்த அறிக்கை கையில் கிடைத்ததும் உங்கள் ஐந்து இடத்துப் படங்களை அதன் பக்கத்தில் வைத்து, எந்த வரி பொருந்தவில்லை என்று இலக்கமிட்டு எழுதி, மறுபரிசீலனைக்குக் கொடுங்கள். அதற்கும் முத்திரை வாங்குங்கள்.